வீட்டைச் சுற்றி வரும் ஜீவன்



 

சென்ற ஆண்டு ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த நேரத்தில் ரஞ்சன்குடியில் உறவுமுறையில் அக்காவாகும் ஒருவர் வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. திருச்சியிலிருந்து சென்னை போகிறவர்கள் பெரம்பலூரைத் தாண்டியதும் சாலையோரத்தில் பார்க்கும் கோட்டை அந்த ஊர்தான். ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்காக முகம்மது அலி தரப்பும் சந்தா சாகிபு தரப்பும் 1751-இல் மோதிக்கொண்ட வட்டாரம். இப்போது கோட்டைப் பக்கம் முட்புதர்களும் ஆடுகளும்தான் அதிகம்.

அஸர் தொழுதுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் மகள், பத்து வயதுப் பிள்ளை, கோட்டைப் பக்கமிருந்து ஓடி வந்தாள். கையில் ஒரு பூனைக்குட்டி. மூன்று, நான்கு மாதக் குட்டியாக இருக்கும். முள்வேலிக் கம்பி கிழித்துப் பின்னங்காலில் ஓர் அங்குல நீளத்திற்குத் தோல் பிளந்திருந்தது. பிள்ளை நேரே உள்ளே போய்த் தாயின் மடியில் அதை வைத்துவிட்டாள். அக்கா தொழுகைத் துப்பட்டியைக்கூட இன்னும் கழற்றவில்லை. வெள்ளைத் துப்பட்டியில் இரத்தம் பட்டுவிட்டது.

"தம்பி, இதற்கு என்ன மஸ்அலா?" என்று உள்ளிருந்தபடியே கேட்டார்கள்.

நானும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னேன். "இரத்தம் நஜீஸ். துப்பட்டியைக் கழுவிவிடுங்கள். பூனையை வெளியே விட்டுவிடுங்கள்." மூன்று வாக்கியம். முதல் இரண்டும் மார்க்கச் சட்டம். மூன்றாவது என் சொந்தச் சரக்கு. ஆனால் மூன்றையும் ஒரே குரலில், ஆலிம் என்ற தகுதியில் சொல்லிவிட்டேன். கேட்கிறவர்களுக்கு எது ஷரீஅத், எது சொல்கிறவனின் அலுப்பு என்று எப்படித் தெரியும்?

குட்டி வெளியே போயிற்று. இஷாவுக்குப் பிறகு சோற்றுத் தட்டின் முன் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தாள், சாப்பிடவில்லை. கொல்லைப்புறத்தில் குட்டி கத்திக்கொண்டிருந்தது. தெருநாய்களின் சத்தமும் கேட்டது. எனக்கும் சோறு இறங்கவில்லை. மதரஸாவில் ஓதிய ஒரு ஹதீது அப்போதுதான் நினைவுக்கு வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அபூ கதாதா (ரலி) என்ற ஸஹாபி தம் மகனின் வீட்டுக்குப் போகிறார்கள். மருமகள் கப்ஷா அவர்கள் ஒளுவுக்குத் தண்ணீர் எடுத்து வைக்கிறார்கள். ஒரு பூனை வந்து அந்தத் தண்ணீரில் வாய் வைக்கிறது. பெரியவர் அதை விரட்டவில்லை. அது வசதியாகக் குடிக்கட்டும் என்று பாத்திரத்தைச் சாய்த்துப் பிடிக்கிறார்கள்! மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, பூனை நஜீஸ் அல்ல, உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் ஜீவன்களில் ஒன்று அது என நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்கிறார்கள். முவத்தா, அபூதாவூத், திர்மிதி முதலிய கிதாபுகளில் இது பதிவாகியிருக்கிறது.

இதைக் கவனித்தீர்களா? பூனை வீட்டுக்குள் வந்து போகும் பிராணி என்பதையே அங்கே காரணமாகக் காட்டுகிறார்கள். அதைத் துரத்திவிட்டு நாம் சுத்தமாக இருந்துகொள்ளலாம் என்பதல்ல சட்டம். அதை வைத்துக்கொண்டே நாம் தொழ வேண்டும், அதற்காகத்தான் சட்டத்தில் இந்த இலேசு. நானோ அதே சுத்தத்தின் பேரால் அதை விரட்டியிருந்தேன்.

டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். விறகு அடுக்கின் இடுக்கில் ஒடுங்கிக் கிடந்தது. பிள்ளைதான் கூப்பிட்டு எடுத்தாள். அப்போதுதான் அவள் முழங்கையில் பூனை நகம் பட்டுக் கீறியிருந்ததைக் கண்டேன். பெற்றோர்களே, இதை அலட்சியம் செய்யாதீர்கள். சுண்ணாம்போ மஞ்சளோ வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் வருவதல்ல. முதல் நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என ஊசி போடுவார்கள். ஒன்றையும் தவறவிடக் கூடாது.

குட்டியைப் பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு போனோம். அங்கிருந்த டாக்டர் சொன்னவற்றை உங்கள் வீட்டுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். காயம் தோலோடு நின்றுவிட்டது, தையல் வேண்டாம் என்றார். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, காலையும் மாலையும் பஞ்சால் துடைக்கச் சொன்னார். துணியை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கால் வீங்கிவிடும். தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்கும் கிருமிநாசினிகளையும் பினாயிலையும் பூனைப் பக்கமே கொண்டு போகக் கூடாது. நக்கி விழுங்கினால் அதற்கு விஷம். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதுமாம்! இரக்கப்பட்டுக் கொடுத்துக் கொன்றவர்கள் எத்தனை பேரோ.

பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சோற்றில் முள் எடுத்த மீனோ எலும்பு நீக்கி அவித்த கோழியோ பிசைந்து வைக்கலாம். நம் வீடுகளில் மிஞ்சும் பிரியாணியையும் ஆணத்தையும் வைப்பது வழக்கம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகாதவை. அவை இல்லாத பிரியாணி ஏது? காயத்தில் சீழ் வைத்தாலோ, காலை ஊன்றாமலே இருந்தாலோ, ஒரு நாள் முழுதும் தீனி எடுக்காவிட்டாலோ உடனே தூக்கி வரவேண்டும் என்றார். கடைசியாக, "ஒரு வாரம், பத்து நாள் வெளியே விடாதீர்கள். ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்" என்றார்.

இங்கேதான் எனக்கு இன்னொரு ஹதீது உறைத்தது. பூனையின் காரணமாக ஒரு பெண் நரகம் சென்றதாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பதைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். நம்மில் பலர் அதைச் சொல்லும்போது பூனையை அடைத்து வைத்தாள் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அவள் தானும் உணவு கொடுக்கவில்லை. பூமியில் உள்ள புழு பூச்சிகளைத் தின்று பிழைத்துக்கொள்ளவும் விடவில்லை. அது சாகும்வரை அடைத்து வைத்திருந்தாள். வெளியே திரியும் பூனை தன் ரிஸ்கைத் தானே தேடிக்கொள்ளும். நாம் கதவைச் சாத்திய நிமிடம் முதல் அதன் ரிஸ்கு நம் கைவழியாக வரவேண்டியதாகிறது. நல்லெண்ணத்தோடு சாத்தினாலும் சாத்தியது சாத்தியதுதான்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். திண்ணையை ஒட்டிய சாமான் அறையில் அட்டைப் பெட்டி, பழைய கைலி, மண் போட்ட ஒரு தட்டு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் வந்தன. வெள்ளிக்கிழமை வாலிகண்டபுரத்தில் ஒரு கலியாணம். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பியபோது, "அதுக்கு யாரு சோறு வைப்பா?" என்று பிள்ளை வாசலில் நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து ஏற்பாடு செய்த பிறகுதான் நகர்ந்தாள். அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வழியில் அவளுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். ஆடு மேய்த்த காலத்தில் தம் பூனைக்குட்டியை இரவில் ஒரு மரத்தில் வைத்துவிட்டு, பகலில் கூடவே கொண்டு போய் விளையாடுவார்களாம். மகிழ்ந்து போனாள். (நாயகம் அவர்கள் தூங்கும் பூனைக்காகச் சட்டைக் கையை அறுத்தார்கள் என்ற கதையையும் கேட்டாள். ஹதீதுக் கிதாபுகளில் அதற்கு ஆதாரம் இல்லை. ஸஹீஹானவையே நமக்குத் தாராளமாக இருக்கின்றன.)

துப்பட்டி விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஹனபி மத்ஹபில், ஓடும் இரத்தம் உள்ளங்கைக் குழி அளவுக்கு மேல் பட்டிருந்தால் கழுவாமல் தொழக் கூடாது. அதற்குக் குறைவென்றால் தொழுகை கூடிவிடும். ஆயினும் கழுவிக்கொள்வதே நல்லது. பூனையின் மூத்திரம் நஜீஸ்தான். அதன் முடி ஒட்டியிருந்தால் தொழுகைக்குத் தடையில்லை. ஷாபிஈகளிடத்தில் உதிர்ந்த முடி பற்றிச் சற்று வேறுபாடு உண்டு. கொஞ்சமாக இருந்தால் அவர்களும் மன்னிக்கப்பட்டது என்றே சொல்கிறார்கள்.

ஊர் திரும்பி ஒன்பதாம் நாள் அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. காயம் மூடிவிட்டது, கதவைத் திறந்துவிட்டோம், கோட்டைப் பக்கம் போய்விட்டு உலை கொதிக்கும் நேரத்திற்குத் திரும்பி வந்துவிட்டது என்றார்கள். பிறகு பிள்ளை போனை வாங்கிக்கொண்டாள்.

"மாமா, அது எலியப் பிடிச்சுத் தின்னுட்டு வந்து ஒளுத் தண்ணியில வாய வச்சா?"

இந்த முறை யோசித்துத்தான் பதில் சொன்னேன். தின்ற வாயோடு உடனே குடித்தால் அந்தத் தண்ணீர் நஜீஸ், கொட்டிவிட வேண்டும். சற்று நேரம் கழித்து, வாயை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு குடித்திருந்தால் நஜீஸ் ஆகாது. நம் மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்கும்போது அதில் ஒளுச் செய்வது இலேசான மக்ரூஹ். வேறு இல்லாவிட்டால் அதிலேயே செய்துகொள்ளலாம். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படி நாயகம் அவர்கள் ஏவியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"அம்மா அப்பவே பானையைத் தட்டுப் போட்டு மூடிட்டாங்க" என்றாள்.