தலை மட்டும்

என் பெரிய பையன் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. வாலாஜாபாத்தில் காலனியை ஒட்டி நாங்கள் கட்டிய இரண்டு அறை வீட்டுக்கு அவன் வாங்கிவந்த முதல் அலங்காரப் பொருள் ஒரு புத்தர் தலை. மாமல்லபுரத்துக் கருங்கல். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. ஷோகேஸில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "எப்பிடி நைனா கீது?" என்றான்.

"தலை மட்டும் இன்னாத்துக்குடா? ஒடம்பு எங்க?"

"இப்ப எல்லார் வீட்லயும் இப்பிடித்தான் வைக்கிறாங்க. நம்ம வச்சா இன்னா?"

எல்லார் வீடும் என்று அவன் சொன்னது எந்த வீட்டை என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டைக் கட்டுவதற்கு முன்னால், வேலைக்குப் பக்கமாக இருக்கட்டுமே என்று வண்டலூர் சாலையோரம் ஒரு நகரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனோம். வாசலில் சின்ன நீரூற்று, நடுவில் கண்மூடிய புத்தர். வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "வாலாஜாபாத்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பையன் சொன்னான். "வீட்ல கேட்டுட்டு போன் பண்றேன்" என்றார். போன் வரவேயில்லை. நீரூற்றில் இருந்த புத்தர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அதே புத்தரை என் பையன் விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறான். அவன் ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கம்மா இருபது வருஷம் கல் குவாரியில் ஜல்லி உடைச்சது. கல்லுக்கும் எங்களுக்கும் இருந்த உறவு அதுதான்: உடைப்பது, கூடையில் சுமப்பது, கொட்டுவது. செதுக்கிய கல் கோயிலுக்குள் இருந்தது. 1947இல் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் எங்கம்மா தேர்முட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கும்பிட்டது. பார்க்கவே விடாத உருவத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ள அதன் பேரன் ஆசைப்படுவது நியாயம்தான். கேள்வி வேறு. எதை வாங்குகிறோம்? எதை விட்டுவிட்டு வாங்குகிறோம்?

புத்தர் எங்கள் வட்டாரத்துக்குப் புதியவர் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளையும் பதினாயிரம் பிக்குகளையும் பற்றி எழுதினார். 1915இல் கோபிநாத ராவ் காமாட்சி கோயிலுக்குள் ஆளுயரத்தைத் தாண்டிய கல் புத்தரைக் கண்டு எழுதினார். அது இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. காஞ்சிப் பக்கத்திலிருந்து போன சிலைகளும் உண்டு. 1926 வாக்கில் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் சேகரித்த யோகினிச் சிலைகள் பாரீஸ் வியாபாரி சி. டி. லூ கைக்குப் போய், லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் டொராண்டோவுக்கும் சிதறின. சேகரித்தவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. தோண்டியவன், தூக்கியவன், வண்டியில் ஏற்றியவன் பெயர் எதில் இருக்கிறது?

தலையை மட்டும் பீடத்தில் வைத்து ரசிப்பதும் இந்தச் சேகரிப்பிலிருந்து வந்த பழக்கம்தான். முழுச் சிலை கனம். தலை பெட்டிக்குள் அடங்கும். சீனத்து லுங்மென் குகைகளிலும் கம்போடியக் கோயில்களிலும் இப்படித் தலைகளை வெட்டி விற்றார்கள். "நான் வாங்கினத யாரும் வெட்டல நைனா, செய்யும்போதே தலையாத்தான் செஞ்சாங்க" என்கிறான் பையன். வாஸ்தவம். ஆனால் வெட்டிய தலையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ரசனைக்குத்தான் மாமல்லபுரத்துச் சிற்பி இன்று தலை செய்து கொடுக்கிறார்.

சேலம் பெரியேரியில் ஒரு சாமி இருக்கிறார். பெயரே தலைவெட்டி முனியப்பன். அது புத்தர் சிலை என்று 2011இல் வழக்குப் போட்டார்கள். தொல்லியல் துறை ஆராய்ந்து, புத்தர்தான் என்றது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. யாரோ வெட்டிய தலையை யாரோ ஒட்டவைத்திருந்தார்கள். ஒட்டு கொஞ்சம் கோணல். அந்தக் கோணல் தலைக்குக் கீழே உடம்பாவது இருக்கிறது.

ஏன் உடம்பு, உடம்பு என்கிறேன்? புத்தரின் தலை என்பது கண்மூடிய அமைதி. அது யாரையும் எதுவும் கேட்காது, எந்த வீட்டுக்கும் பொருந்தும். உடம்பு அப்படியல்ல. அதற்கு நடக்கிற கால் உண்டு, திருவோடு ஏந்துகிற கை உண்டு. அந்தக் கால் குப்பை கூட்டிய சுனீதனிடம் போய் நின்றது. அந்தக் கை கொல்லன் சுந்தன் வீட்டில் கடைசிச் சோற்றை வாங்கித் தின்றது. சவரத் தொழிலாளி உபாலி சாக்கிய இளவரசர்களுக்கு மூத்தவராகச் சங்கத்தில் சேர்ந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் போய்ச் சேர்ந்தது இந்த நடமாடும் புத்தரிடம். அதனால்தான் தலைக்கு ஷோகேஸில் கண்ணாடி, தெருமுனையில் நிற்கும் அம்பேத்கருக்குக் கம்பிக் கூண்டு.

இவ்வளவும் அந்த நீரூற்றுக்காரரைச் சொல்வதற்காக எழுத ஆரம்பித்தேன். அதோடு முடிக்க முடியவில்லை.

தலை வந்த வாரத்தில்தான், வீட்டுக்குப் பின்னால் முள் வெட்ட ஓர் இருளர் வீட்டு அம்மா வந்தது. வெயில். தண்ணீர் கேட்டது. என் சம்சாரம் பழைய பெப்சி பாட்டிலில் பிடித்து கேட்டுக்கு வெளியே நீட்டினாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அத்தனை டம்ளர் இருக்கிறது. அவள் செய்தது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை. ராத்திரிதான் உறைத்தது. வீடு தராதவனின் புத்தரை மட்டுமா வாங்கினோம், அவன் வாசற்படியையும் சேர்த்தல்லவா வாங்கி வந்திருக்கிறோம்!

போன வாரம் அந்தம்மா திரும்ப வந்தபோது, "உள்ள வந்து ஒக்காந்து சாப்புடும்மா" என்றேன்.

"வேணாம் சாமி, காலெல்லாம் மண்ணு" என்று வாசலிலேயே நின்றுவிட்டது.

ஊர்த்தெரு வீட்டு வாசல்களில் எங்கம்மா சொன்ன அதே வார்த்தை. இப்போது அதைச் சொல்லவைக்கிற இடத்தில் நான் இருக்கிறேன்.