ரொட்டிக்குக் கொடுத்த காசு

ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுகிறதா?

லிவர்பூல் நகரத்து ஆன்ஃபீல்டு பகுதியில், கால்பந்து மைதானத்துக்கு அருகே ஒரு பழைய ரொட்டிக்கடை இருந்தது. புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்லிச் சுற்றிலுமிருந்த வீடுகளைக் காலி செய்தார்கள். கடையும் மூடிற்று. எஞ்சியிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 2012-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பலரிடமும் சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்தில் அடுப்பு வாங்கினார்கள். 2013-இல் கடையைத் திறந்தார்கள்.

இதைப் படித்தபோது என்னைப் பற்றிய ஒரு நினைவு உறுத்தியது. எங்கள் தெருவில் வாசகசாலை வைக்க வேண்டுமென்று சில இளைஞர்கள் வந்தார்கள். கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். ரசீதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வாசற்படியை ஒருநாளும் மிதிக்கவில்லை. இரண்டே வருஷத்தில் அதைப் பூட்டிவிட்டார்கள். "நம் ஜனங்களுக்கு அக்கறையே கிடையாது" என்று அலுத்துக்கொண்டவனும் நானேதான்!

யோசித்துப் பார்த்தால், நான் கொடுத்தது நன்கொடையே அல்ல. அந்த இளைஞர்கள் மறுபடி என் கதவைத் தட்டாமலிருக்கக் கொடுத்த விலை.

இங்கிலாந்திலேயே ராச்டேல் என்ற ஊரில் 1844-இல் 28 பேர் கூடி ஒரு கடை வைத்தார்கள். மாவும் வெண்ணெயும் விற்ற அந்தக் கடைக்கு முதலாளிகளும் அவர்கள்தாம், வாடிக்கைக்காரர்களும் அவர்கள்தாம். பணம் போட்டதோடு விலகிப் போக அவர்களுக்கு வழியில்லை.

பணம் ஒரு நாளில் அடுப்பை வாங்கிவிடும். அது ஆறிப்போகாமலிருக்க, தினமும் யாராவது போய் ரொட்டி வாங்க வேண்டுமே! தர்மம் செய்தவன் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பங்குதாரன் நாளைக்கும் வந்தாக வேண்டும்.

அந்த ரசீது இன்னும் என் மேஜைக்குள்தான் இருக்கிறது. எடுத்துப் பார்க்கத்தான் கூச்சமாக இருக்கிறது.