கண்ணாடித் தரையில் கால் வைப்பவர்

அறிவு வந்தால் அச்சம் போகும் என்பது வேதாந்தம் தரும் பழைய உறுதி. மங்கிய வெளிச்சத்தில் கயிற்றைப் பாம்பென்று நினைத்து நடுங்குகிறவனுக்கு, அது கயிறுதான் என்று தெரிந்ததும் பயம் தீர்கிறது. ராஜபாளையத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் நான். அந்த உவமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அறிந்தது மட்டும் போதுமா என்று வாகமண் கண்ணாடிப் பாலம் என்னைக் கேட்க வைத்தது.

எங்கள் ஊருக்கு மேற்கே தெரிகிற அதே மலைத்தொடரில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது வாகமண். 2023 செப்டம்பரில் திறந்த அந்தப் பாலத்துக்கு மறுகரை கிடையாது. மலை விளிம்பிலிருந்து 40 மீட்டர் நீண்டு, பள்ளத்தாக்கின்மேல் அந்தரத்தில் முடிந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் நாத்தனாரோடு தேனி, குமுளி வழியாகப் போயிருந்தேன். அத்தகைய தரை எப்படித் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். பல கண்ணாடி அடுக்குகளை இடையே ஒட்டுப்படலம் வைத்து இணைப்பார்கள். ஓர் அடுக்கு விரிசல் விட்டாலும் மற்றவை பாரத்தை ஏற்கும். தெரிந்தும் கால் எழவில்லை. கீழே ஒன்றுமே இல்லை என்றது கண். கால் அதன் பேச்சைத்தான் கேட்டது.

நாத்தனார் முதலில் ஏறினாள். நாலடி போய்த் திரும்பி நின்று சிரித்தாள். "வாங்க மதினி, நம்ம வீட்டுத் தரை மாதிரிதான் இருக்கு." அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வித்யாரண்யரின் பஞ்சதசி இந்த நடுக்கத்தை அறிந்திருக்கிறது. கயிறு கயிறுதான் என்று தெரிந்த பிறகும் உடல் நடுக்கம் மெல்ல மெல்லத்தான் அடங்கும் என்கிறது அது. அறிவு ஒரு நொடியில் வந்துவிடலாம். உடம்புக்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தில் மனிதன் எதைப் பற்றிக்கொள்வான்?

1960-இல் எலினார் கிப்சனும் ரிச்சர்டு வாக்கும் கண்ணாடி மேசை ஒன்றில் குழந்தைகளைத் தவழவிட்டுப் பார்த்தார்கள். கண்ணாடிக்குக் கீழே பள்ளம் தெரிந்த பக்கத்துக்குப் பெரும்பாலான குழந்தைகள் போகவில்லை. 1985-இல் வேறு ஆய்வாளர்கள் பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து, போகலாமா வேண்டாமா என்று குழந்தை தயங்கும்படி அமைத்தார்கள். ஒரு வயதுக் குழந்தைகள் தயங்கி நின்று அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தன. அம்மா மலர்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 கடந்துவிட்டன. பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை.

வைணவம் புருஷகாரம் என்று சொல்வது இதற்கு மிக அருகில் நிற்கிறது. பெருமானை நேரே அணுகத் தயங்கும் உயிருக்கும் அவனுக்கும் நடுவே தாயார் நிற்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி, ஊழி வெள்ளத்தில் ஆலிலைமேல் கிடப்பவன். அந்த இலை உலகத்தையெல்லாம் வயிற்றில் வைத்திருப்பவனையே தாங்குகிறது என்றால் எந்தக் கண் ஒப்புக்கொள்ளும்? அதனால்தான் நடுவே நிற்கும் தாயாராக ஆண்டாள் நமக்கு வேண்டியிருக்கிறாள்.

ஒரு மறுப்பு எழும். சிரித்த முகம் பள்ளத்துக்கும் அழைக்கலாமே? அழைக்கும், ஆன்மிகத்தின் பெயரால் அப்படி அழைத்தவர்களை நாடு நிறையவே பார்த்திருக்கிறது. தரைக்குக் கணக்கும் சோதனையும் வேண்டும். அழைக்கும் முகத்துக்கும் ஒரு சோதனை உண்டு. அழைப்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். கரையில் பத்திரமாக நின்றுகொண்டு நம்மை மட்டும் போகச் சொல்கிறவரை நம்பத் தேவையில்லை. ஆண்டாள் அப்படி நிற்கவில்லை. மார்கழிக் குளிரில் தானும் நோன்பிருந்து, தோழியரை எழுப்பிக் கூட்டிப் போனவள். மானிடர்க்கு வாழ்க்கைப்படேன் என்று தன் வாழ்வு முழுவதையும் அந்த நம்பிக்கையின்மேல் வைத்தவள்.

வீட்டில் பெரியவர்களான நமக்கும் இதுவே அளவுகோல். "கடவுள் இருக்கார், பயப்படாதே" என்று பேரப்பிள்ளைகளிடம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நோய் வரும்போது, கடன் நெருக்கும்போது, சாவு வாசலில் நிற்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். நம் பாரத்தை முதலில் நாம் அந்தக் கடவுள்மேல் வைத்திருந்தால் மட்டுமே அவர்களை வா என்று கூப்பிட நமக்கு உரிமை உண்டு.