ஒப்பந்தம் உடைமையாகாது



சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றுக்கு ஒருவர் முன்பணம் தந்து விற்பனை ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். கிரயம் பதிவாகவில்லை. அதற்குள், "எமது மனைகள் விற்பனைக்கு" என்று விளம்பரம் செய்கிறார். இது வாணிபமா, களவா?

ஒப்பந்தம் தன்னளவில் சொத்தின்மீது எவ்வுரிமையையும் உண்டாக்காது என்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமோ, திட்டப் பகுதிகளில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாக்குவோர், ஆணையத்தில் பதியாமல் விளம்பரமே செய்யலாகாது என்கிறது. மீறினால், திட்ட மதிப்பில் 10 விழுக்காடு வரை தண்டம்.

"அரசின் சட்டம் வேறு, அறம் வேறு" என்பாரும் உளர். உமாஸ்வாமி ஆசாரியர் அவ்வாறு பிரித்தாரில்லை. தத்வார்த்த சூத்திரத்தில், கள்ளாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் விருத்த ராஜ்யாதிக்கிரமமும் ஒன்று. அரசு விலக்கியதை மீறுதல் என்று அதற்குப் பொருள் கொள்வர். பொய்யெழுத்தாகிய கூடலேகக் கிரியை, வாய்மை விரதத்தின் அதிசாரம். அவ்விளம்பரத்தின் "எமது" என்னும் ஒரு சொல் இரு விரதங்களையும் கெடுக்கிறது.

"எனக்குள்ளது ஒப்பந்த உரிமையே, நிலத்துக்குரியவர் இவர்" என்று வெளிப்படக் கூறி, உரியவர் இசைவுடன் அதனை மாற்றித் தருபவரை யாம் குறை கூறோம்.

மகளின் திருமணத்துக்கெனச் சேர்த்ததை மனையில் இடும் இல்லறத்தீர்! தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் முதலில் காண்மின். அவற்றில் விற்பவர் பெயர் இல்லையேல், நிலத்துக்குரியவர் உடன் கையொப்பமிடும்வரை முன்பணம் தரவேண்டா.