ஒரே பந்தியில்

ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் தமக்குள் எழுந்த பிணக்குகளை அன்பினால் தீர்த்துக்கொண்டார்கள் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அவர்களுடைய கடிதங்களைப் படித்தால் அந்த எண்ணம் நிலைக்காது. ஏச்சும் எள்ளலும் அவற்றில் தாராளம். இருந்தும் வட ஆபிரிக்காவில் நடந்த விவாதமொன்று நம்மை யோசிக்க வைக்கிறது.

பிரிந்துபோன குழுவொன்றில் ஞானஸ்நானம் பெற்றவர் திருச்சபைக்குள் வரும்போது மறுபடியும் ஞானஸ்நானம் பெறவேண்டுமா? வேண்டும், முதலில் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன். தலைமேல் கைவைத்து ஏற்றுக்கொண்டால் போதும் என்றார் உரோமாபுரி ஆயர் ஸ்தேவான். 256 செப்டெம்பர் 1 அன்று கார்த்தேஜில் கூடிய சபையில் 87 ஆயர்களின் கருத்துகள் தனித்தனியே பதிவாகின. மாறாக எண்ணுகிறவர் எவரையும் நாம் தீர்ப்பிடவோ விலக்கவோ போவதில்லை என்று சொல்லியே சிப்ரியன் அச்சபையைத் தொடக்கி வைத்தார். எல்லோரும் தம் பக்கமே நின்ற கூட்டத்தில் அப்படிப் பேசுவது பெரிய காரியமா என்று கேட்கலாம். ஆனால் ஸ்தேவானோடு கடுமையாக மோதியபோதும் அவர் தனிச்சபை அமைக்கப் போகவில்லை. மேற்குத் திருச்சபை பின்னர் ஸ்தேவானின் கருத்தையே ஏற்றது. 258இல் தலை வெட்டப்பட்டு இறந்த சிப்ரியனையோ புனிதராகவே வைத்துக்கொண்டது.

303இல் தொடங்கிய துன்புறுத்தலின்போது வேதநூல்களை அதிகாரிகளிடம் கொடுத்தவர்களை 'ஒப்படைத்தவர்' என்றழைத்தார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் துரோகியைக் குறிக்கும் சொற்கள் அந்த லத்தீன் சொல்லின் வழிவந்தவை. ஒப்படைத்தவர், அவர் கையால் பட்டம் பெற்றவர், அவரோடு உறவு வைத்தவர் என்று அந்தப் பெயர் தொற்றிக்கொண்டே போயிற்று. இப்படித்தான் டொனாட்டியர் பிரிந்தனர். நூறாண்டு கழித்தும் பிரிந்தே இருந்தனர். அந்தச் சொல் எப்படி ஒட்டும் என்பதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

டொனாட்டியரும் சிப்ரியனையே சாட்சிக்கு அழைத்தனர். அதற்கு அகுஸ்தீனார் 400ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய மறுமொழி அழகானது: ஞானஸ்நான விடயத்தில் சிப்ரியன் பிழைவிட்டார், மாறாக எண்ணியவரை விட்டுப் பிரியாதிருந்தாரே, அதில்தான் அவர் பெரியவர்.

அதே அகுஸ்தீனார் 408ஐ ஒட்டி, கார்த்தேஜில் இளமையில் தமக்கு அறிமுகமான வின்சென்தியஸ் என்ற மாற்றணி ஆயருக்கு நீண்ட கடிதமொன்று எழுதினார். எவரையும் வற்புறுத்தலாகாது என்றுதான் முன்னர் எண்ணியிருந்தேன். என் சொந்த ஊரே பேரரசனின் சட்டத்துக்கு அஞ்சி ஒன்றுபட்டதைக் கண்டு மாறினேன் என்கிறார். லூக்காவின் விருந்து உவமையும் துணைக்கு வருகிறது. 411இல் அரச அதிகாரி மர்செல்லினஸ் தலைமையில் இரு தரப்பு ஆயர்களும் வாதாடினர்; தீர்ப்பு டொனாட்டியருக்கு எதிராயிற்று. மறு ஆண்டே தண்டப்பணமும் பறிமுதலும் வந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்ட டொனாட்டியரைக் கொல்லாதே, உறுப்புச் சிதைக்காதே என்று அந்த அதிகாரியிடம் மன்றாடியவரும் அகுஸ்தீனாரே. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிப்ரியனுக்குப் பின்னால் பேரரசு இல்லை. இருந்திருந்தால் அவரும் மாறியிருப்பாரோ? இருக்கலாம். ஆனால் பெரும்பான்மை அவரிடம் இருந்தது. அதை வைத்து அவர் எவரையும் வெளியேற்றவில்லை. அகுஸ்தீனாரின் சான்றில் நம்மை உறுத்துவது வேறொன்று. அஞ்சி வந்தவர்கள் இப்போது மகிழ்கிறார்கள் என்று எழுதுகிறவர் வென்ற தரப்பின் ஆயர். அவரிடம் அவர்கள் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? வின்சென்தியஸ் எழுதிய கடிதமும், அகுஸ்தீனார் தம் பதிலில் எடுத்தாண்ட அளவில்தான் நம்மிடம் இருக்கிறது.