நகுலமாதா கணவரிடம் பேசியது



பகவான் புத்தர் பர்க்க நாட்டிலே, சுஞ்சுமாரகிரி என்னும் ஊரை அடுத்த பேசகலா வனத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், நகுலபிதா என்னும் கிருகஸ்தர் கொடிய நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். அவர் மனைவியாகிய நகுலமாதா அருகில் அமர்ந்து பேசிய பேச்சு அங்குத்தர நிகாயத்தின் ஆறாம் நிபாதத்தில் இருக்கின்றது. பெரிய சூத்திரங்கள் பலவற்றைப் படித்து மறந்த எனக்கு, இச்சிறிய சூத்திரம் மட்டும் மறப்பதில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

அந்த அம்மையார் கணவரை நோக்கி, பிழைத்துவிடுவீர் என்று சொன்னாரில்லை. ஒன்றுமில்லை என்று மழுப்பவுமில்லை. கவலையைச் சுமந்துகொண்டு உயிர் விடுதல் துன்பம், அவ்வாறு விடவேண்டாம் என்று தொடங்கினார். சாவு என்னும் பேச்சைத் தம் வாயாலேயே எடுத்தார். பின்னர்க் கணவரின் நெஞ்சில் கிடந்த பயங்களை, அவர் சொல்லாமலே, ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து வைத்தார். பிள்ளைகளை யார் காப்பாற்றுவார் என்ற பயமா? தமக்குப் பருத்தி நூற்கவும் கம்பளி உரோமத்தைச் சிக்கெடுக்கவும் தெரியும், அதைக்கொண்டு வீட்டை நடத்துவேன் என்றார். வேறொருவர் மனை புகுவாளோ, சங்கத்தை மறப்பாளோ, சீலத்தைக் கைவிடுவாளோ, மன அமைதி இழப்பாளோ, தம்மத்தில் காலூன்றாமல் நிற்பாளோ என்னும் ஐயங்களுக்கும் அவ்வாறே விடை கொடுத்தார்.

நூற்றல் என்ற சொல்லைக் கண்டபொழுது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். மும்பையிலே பரேல் பகுதியில் ஒரு நூற்பாலையில், ரிங் பிரேம் முன் நின்று அறுந்த நூலைப் பிணைத்தே ஏறக்குறைய 20 ஆண்டுகள் உண்டவன் நான். ஆலை மூடியபின் காவற்காரனானேன்.

இனி என் வீட்டுச் செய்தி. 2014ஆம் ஆண்டில் என் மனைவிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று கண்டார்கள். மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அவள் வெளியே பெஞ்சியில் அமர்ந்திருந்தாள். நோயின் பெயரை நோயாளிக்கு முன்னதாக உறவினருக்குச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. நான் வெளியே வந்து, உள்ளே புண், சில வாரம் கரண்டு வைத்தால் ஆறிவிடும் என்றேன். பொய் பேசாமையாகிய நான்காம் சீலத்தை எத்தனையோ கூட்டங்களில் விளக்கியவன்தான். இது பொய்யன்று, அன்பு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

வாரத்தில் ஐந்து நாளாக ஐந்து வாரம் கதிர்வீச்சு. வாரம் ஒரு முறை நரம்பில் மருந்து. பின்னர் உள்ளே கருவி வைத்துக் கதிர் செலுத்துதல். இத்தனை நாளும் புற்றுநோயாளிகளின் வரிசையில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தன் நோய் தெரியாமலிருக்குமா? முதல் வாரத்திலேயே பக்கத்திலிருந்த மராத்தியப் பெண் சொல்லிவிட்டாளாம். என் பொய் வெளிப்பட்டால் நான் வெட்கப்படுவேனென்று அவள் தெரியாதவள்போல் இருந்தாள். அதற்கு முன்னரே ஓராண்டுக் காலம் இரத்தப்போக்கை என்னிடம் மறைத்திருந்தாள். வயதின் கோளாறு, இதற்கா செலவு செய்வது என்று இருந்துவிட்டாளாம். பெண்களே, இதனை ஒருவரும் செய்யாதீர்கள். பத்தடி அறையில் இருவரும் படுத்திருந்தோம். இருவரும் விழித்திருந்தோம். இருவரும் உறங்குவதுபோல் மூச்சு விட்டோம்.

இதற்கிடையில், முன்வினை என்று சொல்ல வந்தவர்களும் உண்டு; நம்மவர்களிலும் சிலர். மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் இதையே பகவானிடம் கேட்டான். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், முறைகேடான நடை, வெளித்தாக்குதல், வினை என்று எட்டுக் காரணங்களை எடுத்துக்காட்டி, எல்லாத் துன்பமும் முன்வினையே என்பார் கூற்றைப் பகவான் மறுத்தார். எச்.பி.வி. என்னும் கிருமி நெடுநாள் தங்குவதால் இந்நோய் வருகிறதென்று இன்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அது உடற்சேர்க்கையால் பரவும் மிகச் சாதாரணமான கிருமி. பத்து, இருபது ஆண்டுகள் ஓசையின்றி இருந்தும் நோயாகலாம். ஆதலின் இந்நோயைக் கொண்டு மனைவியின் ஒழுக்கத்தை ஐயுறும் கணவன் அறியாமையால் பேசுகிறான். அக்கிருமியை அவளிடம் சேர்த்தவன் தானாகவும் இருக்கலாமென்பதை அவன் எண்ணிப் பார்க்கட்டும்.

வினய பிடகத்தின் மகாவக்கத்தில், பணிவிடைக்கு எளிய நோயாளியின் குணங்கள் ஐந்து சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதைப் பணிவிடை செய்வாரிடம் உள்ளபடி சொல்லுதல். பணிவிடை செய்வார்க்கும் ஐந்து உண்டு. மலம், சிறுநீர், வாந்தி, சளி இவற்றை எடுக்க அருவருக்கலாகாது. அன்பினால் செய்யவேண்டும், ஆதாயத்துக்கன்று. பிக்குகளுக்குச் சொன்னதாயினும் இல்லறத்தார்க்கும் பொருந்தும். கணவன் படுத்தால் மனைவி செய்கிறாள். மனைவி படுத்தால் கணவன் ஊரிலிருக்கும் கொழுந்தியாளை வரவழைக்கிறான். நானும் அப்படித்தான் கடிதம் எழுத எண்ணினேன். கஞ்சி காய்ச்சக் கற்றது அந்த வயதில்தான்.

கதிர்வீச்சுக்குப் பின் இல்லற உறவில் வலி உண்டாவதும் உண்டு. அதற்கு மருத்துவத்தில் வழி இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள். கேட்க நாணி, ஒருவரையொருவர் வெறுத்துவிட்டதாக எண்ணிப் பிரிந்து படுக்கும் தம்பதிகள் பலர்.

எட்டாம் மாதம் நோய் திரும்பிற்று. அன்றிரவு இந்தச் சூத்திரத்தை எடுத்து அவளுக்கு வாய்விட்டுப் படித்தேன். நூற்கும் இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. “எனக்கு முதல் வாரத்திலேயே தெரியும், நீங்கள் படியுங்கள்” என்றாள். படித்து முடித்து, உனக்கு எது பயம் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு எனக்கு ஓராண்டு தேவைப்பட்டது.

சாவு அவள் பயமாக இல்லை. இளைய மகளின் படிப்பை நிறுத்திவிடுவேனோ என்பது ஒன்று. நான் மறுபடியும் குடிப்பேனோ என்பது மற்றொன்று. பஞ்சசீலம் ஏற்பதற்கு முன் ஆலைச் சம்பளத்தில் பாதியைச் சாராயத்துக்குக் கொடுத்தவன் நான்.

நகுலமாதாவைப் போல் உடனே விடை சொல்ல என்னால் ஆகவில்லை. குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தால் அவள் நம்பமாட்டாள். அவளிடம் செய்த சத்தியங்கள் பல முறிந்தவை. மூன்று நாள் யோசித்துச் சொன்னேன்: சம்பளம் வாங்கும் நாளிலேயே மூத்த மகள் கையில் முழுவதும் கொடுத்துவிடுவேன், அன்று மாலை விகாரைக்குப் போய் வந்தனை முடியும்வரை அங்கேயே இருப்பேன். இளையவள் கட்டணத்தை மூத்தவளே கட்டுவாள். அவள் நெடுநேரம் எண்ணிப் பார்த்து, “இது நடக்கும்” என்றாள். அடுத்த மாதமே அவள் கண்முன்னால் கொடுக்கத் தொடங்கினேன்.

நகுலபிதா நோய் நீங்கி எழுந்து, கோலூன்றிப் பகவானைக் காணச் சென்றார் என்று சூத்திரம் கூறுகிறது. என் மனைவி எழவில்லை. இதனை நோய் தீர்க்கும் மந்திரமாக ஓதுவாரும் உண்டு. அதற்கு நான் உடன்படேன். எஞ்சிய ஐந்து மாதங்களில் வலி கூடியதையும் குறைந்ததையும் அவள் நாள்தோறும் மறைக்காமல் சொன்னாள். நான் அதை நோட்டுப் புத்தகத்தில் குறித்து எடுத்துச் சென்றேன். மருத்துவர் அதைப் பார்த்து மார்பின் மாத்திரையின் அளவை மாற்றினார். அவள் இரவில் உறங்கினாள். நானும் உறங்கினேன்.