சத்தியத்தை மீறினவன் துரோகியா? டீயல்க் எனும் வீரனை முன்வைத்து ஒரு கேள்வி



இன்னிக்கு கொஞ்சம் வித்தியாசமான ஒரு ஆளைப் பத்தி பேசலாம்னு நினைக்கிறேன். புராணத்துல வர்றவர் இல்ல, ஒரு டிவி தொடர்ல வர்ற போர்வீரன். பேரு டீயல்க். 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' என்ற அறிவியல் புனைகதைத் தொடர் 1997-ல் ஆரம்பிச்சு 2007 வரைக்கும் பத்து சீசன் ஓடியது. கிறிஸ்டோபர் ஜட்ஜ் என்ற நடிகர் டீயல்க்காக நடித்தார். நம்மில் பலர் பிறந்த காலத்துல வந்த தொடர்தான், பார்க்காதவங்க கவலைப்பட வேண்டாம். தேவையான கதையை நானே சொல்லிடறேன்.

கேள்வி இதுதான். விசுவாசம் என்பது எப்பவுமே நல்ல குணமா? யாருக்கு, எதுக்காக என்று பார்க்காம விசுவாசத்தை மட்டும் தனியா எடுத்துப் பாராட்டலாமா?

முதல்ல டீயல்க் யாருன்னு பார்ப்போம். 'கோவூல்ட்' என்று ஒரு இனம். பாம்பு மாதிரி ஒட்டுண்ணிகள். மனித உடம்புக்குள்ள புகுந்து ஆட்டி வைக்கும். அவங்க கிட்ட இருக்கிற தொழில்நுட்பத்தைக் காட்டி, பழைய தெய்வங்களின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, "நாங்கதான் கடவுள்" என்று கிரகம் கிரகமா ஆள்றாங்க. அவங்களுக்காகப் போர் செய்யும் அடிமை இனம்தான் 'ஜாஃபா'. டீயல்க் ஒரு ஜாஃபா. அபோஃபிஸ் என்ற பொய்க் கடவுளின் முதன்மைத் தளபதி. நெற்றியில் பாம்புச் சின்னம், தங்கத்தில்.

அதிகம் பேச மாட்டான். பத்து வரி பேச வேண்டிய இடத்துல ஒரு சொல், இல்லைன்னா ஒரு புருவம் தூக்கல். அவ்வளவுதான். கோபமோ துக்கமோ முகத்துல தெரியாது. ஆனா உள்ளே ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம் இல்ல. பொங்குறதை அடக்கத் தெரிந்தவன். தினமும் தியானத்தில் உட்காருவான்.

தொடரின் முதல் கதையிலேயே அவனுக்குச் சோதனை வந்துடுது. சூலாக் என்ற கிரகத்தில் ஒரு கூட்டத்தைச் சிறை பிடிச்சு வைத்திருக்காங்க. பூமியிலிருந்து வந்த ஓ'நீல் என்ற ராணுவ அதிகாரியும் அதில் ஒருவர். மிச்சம் இருக்கிற எல்லாரையும் கொன்னுடு என்பது அபோஃபிஸின் கட்டளை. ஓ'நீல் டீயல்க்கைப் பார்த்து, இவங்களை என்னால காப்பாத்த முடியும் என்று கத்துகிறார். ஒரு நொடி. டீயல்க் திரும்பி, தன் சொந்தக் காவலர்களையே சுட்டு வீழ்த்துகிறான்.

அந்த நொடியில் அவன் எதையெல்லாம் இழந்தான்னு பாருங்க. பதவி, நாடு, வீடு எல்லாம் போச்சு. மனைவியும் மகனும் ஊரால் ஒதுக்கப்பட்டாங்க. அவன் பேருக்கு முன்னாடி 'ஷோல்வா', அதாவது துரோகி என்ற பட்டம் ஒட்டிக்கிச்சு.

இங்கேதான் நமக்குச் சிக்கல். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாம. செஞ்சோற்றுக் கடன் என்றால் நமக்குச் சிலிர்க்கும். அந்தக் கணக்குப்படி பார்த்தா டீயல்க் செய்தது தப்புதானே?

இன்னொரு விஷயமும் இருக்கு. ஒவ்வொரு ஜாஃபாவின் வயிற்றிலும் ஒரு கோவூல்ட் குஞ்சு வைக்கப்படும். அதுதான் அவங்களுக்கு நோய் எதிர்ப்பு சக்தி. அதை எடுத்துட்டா உயிர் போயிடும். அதாவது டீயல்க் விடுற மூச்சே எஜமானன் போட்ட சோறு மாதிரி. இதைவிடப் பெரிய கடன் இருக்க முடியுமா?

ஆனா கொஞ்சம் நின்று யோசிங்க. அந்தக் குஞ்சு இல்லாம வாழ முடியாதபடி ஜாஃபாக்களின் உடம்பை மாத்தினதே கோவூல்ட்தான். காலை உடைச்சுட்டு ஊன்றுகோல் கொடுக்கிறவனுக்கு நன்றிக்கடன் எப்படி வரும்? பசிக்குப் போட்ட சோறு வேற, கட்டி வைக்கப் போட்ட சோறு வேற. முதலாவது கடன், இரண்டாவது வெறும் கயிறு.

'பயபக்தி' என்று நாம ஒரே வார்த்தையா சொல்றோம். ஜாஃபாக்களிடம் பயம் நிறைய இருந்தது. பக்தி இருந்ததான்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன சோதனை போதும். கேள்வி கேட்டா என்ன நடக்கும்? அபோஃபிஸிடம் கேள்வி கேட்டா தலை போகும். கேள்விக்குப் பயப்படுற எதுவும் கடவுள் இல்லை என்பதை டீயல்க்குக்குப் புரிய வைத்தவர், அவனுக்கு முன்னாடி அதே பதவியில் இருந்த குரு பிராடாக். ஆக, டீயல்க்குக்கு உண்மை அந்த நொடியில் தெரியவில்லை. ரொம்ப நாளா தெரியும். ஓ'நீல் கையில் கட்டியிருந்த சாதாரண கைக்கடிகாரத்தைப் பார்த்து, இது கோவூல்ட் பொருள் இல்லையே என்று கவனிச்சவன் அவன். ஜெயிக்க வழி இருக்குன்னு அன்னிக்குத்தான் நம்பினான்.

அப்போ ஒரு சங்கடமான கேள்வி வருது. தெரிஞ்சும் அத்தனை வருஷம் சேவகம் செய்தானே, அதுக்கு என்ன பதில்?

முதல் சீசனில் 'கோர்-ஐ' என்ற பகுதி இதைத்தான் எடுத்துப் பேசுது. நண்பர்களோட ஒரு கிராமத்துக்குப் போறான். அங்கே ஹானோ என்ற இளைஞன் அவனை அடையாளம் கண்டுடறான். "என் அப்பாவைக் கொன்னவன் இவன்தான்." விசாரணை நடக்குது. அந்த ஊர் வழக்கப்படி பாதிக்கப்பட்டவனே நீதிபதி.

நடந்தது இதுதான். கிராமத்துல ஒருத்தரைக் கொல்லச் சொல்லி அபோஃபிஸ் உத்தரவு போட்டிருந்தான். பலவீனமானவங்களை விட்டுட்டு ஓடாத மக்கள் அவங்க. நடக்க முடியாத ஹானோவின் அப்பாவால எல்லாரும் தாமதமானாங்க. இவர் இல்லைன்னா அடுத்த முறை மத்தவங்களாவது தப்பிப்பாங்க என்று கணக்குப் போட்டு, டீயல்க் அவரைத் தேர்ந்தெடுத்தான்.

இவ்வளவு நியாயம் கையில் இருந்தும் டீயல்க் ஒண்ணையும் தனக்காகச் சொல்லல. 'உத்தரவு, செய்தேன்' என்று ஒதுங்கல. தப்பிச்சுப் போகவும் மறுத்துட்டான். ஓ'நீல்தான் வாதாடுகிறார். இவன் உயிரோட இருந்தா இன்னும் ஆயிரக்கணக்கானவங்களைக் காப்பாத்துவான் என்பது அவர் கட்சி.

ஓ'நீல் சொல்றது தப்பு இல்ல. ஆனா அது ஹானோவுக்குப் பதிலும் இல்ல. பத்தாயிரம் பேருக்குச் செய்த நல்லதைக் காட்டி ஒரு மகனிடம் "உன் அப்பா கணக்கு நேராயிடுச்சு" என்று சொல்ல முடியாது. நல்லது செய்வது கடமை. அது ரசீது ஆகாது. டீயல்க்குக்கு இது தெரிஞ்சிருந்தது. அதனாலதான் வாய் திறக்காம நின்றான். அவனுடைய மௌனம் எனக்கு வீரமாகத் தெரிவது போர்க்களத்தை விட இந்த இடத்தில்தான்.

கடைசியில் அபோஃபிஸின் படை கிராமத்தைத் தாக்குது. டீயல்க் அவங்களை எதிர்த்து நின்று மக்களைக் காப்பாத்தறான். என் அப்பாவைக் கொன்னவன் செத்துட்டான், இவன் வேறொருவன் என்ற முடிவுக்கு ஹானோ வந்து அவனை விடுவிக்கிறான். கவனிங்க, மன்னிப்பு ஹானோ கொடுத்தது. டீயல்க் தனக்குத் தானே எடுத்துக்கிட்டது இல்ல.

நம்ம வாழ்க்கையில் பொய்க் கடவுள்கள் விண்வெளிக் கப்பல்ல வர்றதில்ல. தலைவர், குழு, கம்பெனி, ஆன்லைன்ல பத்து லட்சம் பேர் பின்தொடர்கிற ஒரு 'ஆன்மிக வழிகாட்டி' என்று ஏதோ ஒரு ரூபத்துல வரலாம். "மேலிடம் சொன்னாங்க, செஞ்சேன்" என்பது ஆபீஸ்லயும் சுலபமா வாயில் வர்ற வாக்கியம்தான். கோடு எழுதுற எங்க வேலையில், ஒரு புரோகிராம் கொடுத்த கட்டளையை அப்படியே செய்யணும். அதுதான் அதன் நேர்மை. மனுஷன் புரோகிராம் இல்ல. யாரோட கையிலிருந்து கட்டளை வந்தாலும், செய்யற கை நம்ம கை.

அதனால விசுவாசத்தைத் தூக்கி எறியணும்னு நான் சொல்லல. டீயல்க்கே எறியல. ஓ'நீலுக்கும் நண்பர்களுக்கும் பிராடாக்குக்கும் கடைசி வரைக்கும் உயிரைக் கொடுக்கத் தயாரா இருந்தான். ஆனா அவங்க யாரும் கேள்வி கேட்டதுக்காக அவனைத் தண்டிச்சதில்ல. நிராதரவானவனைக் கொல்லச் சொன்னதும் இல்ல. விசுவாசம் வைக்கத் தகுதியான இடம் எது என்பதற்கு எனக்கு இந்த இரண்டு அடையாளமும் போதும்.

உண்மையான பக்தி இருக்கிற இடத்துல கேள்வி கேட்கத் தயக்கம் வேண்டாம். தைரியமா கேளுங்க.